முப்பது ஆண்டுகள் இரண்டாவது நாற்காலியில்: பில் கத்ரிஜும் கல்லூரிக் கூடைப்பந்தின் உதவிப் பயிற்சியாளர்களும்

வடகரோலினா வாசி எழுதியது:

நண்பர்களே, போன வாரம் இங்கே ஒருவர் ஓர் உதவிப் பயிற்சியாளரைப் பற்றி எழுதும்போது, "பாவம், கடைசி வரை தலைமைப் பதவிக்கு வரவே இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பதிலாக, பில் கத்ரிஜ் என்ற உதவிப் பயிற்சியாளரின் கதையைச் சொல்வதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பில் கத்ரிஜ் 1937இல் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரிடம் ஆடினார். பிறகு அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார். முக்கோணத் தாக்குதல் முறையைப் பின்னாளில் சிகாகோ புல்ஸ் அணிக்குக் கொண்டுபோன அதே வின்டர்தான். 1967இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் கூப்பிட்டார். ஸ்மித்தும் கான்சாஸ்காரர். கத்ரிஜ் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லுக்கு வந்தார். அதன் பிறகு 30 ஆண்டுகள் அதே மனிதரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வேறு வாய்ப்பே வரவில்லை என்று எண்ண வேண்டாம். 1978இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்பதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின் மனம் மாறி, பழைய இடத்திலேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 40. தலைமை நாற்காலி கைக்கு எட்டிய பிறகு அதை வேண்டாம் என்று வைத்தவரைப் பார்த்துப் "பாவம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உயரமான வீரர்களை வளையத்தருகே ஆடப் பழக்குவதும், பந்தை எறியும்போது கையும் மணிக்கட்டும் எப்படி நிற்க வேண்டும் என்று திருத்துவதும் அவருடைய வேலை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியை ஸ்மித் நடத்தியபோது கத்ரிஜும் ஜார்ஜ்டவுனின் ஜான் தாம்சனும் உதவியாளர்கள், தங்கம் கிடைத்தது. 1982, 1993 ஆகிய இரண்டு தேசியப் பட்டங்களின்போதும் அவர் ஸ்மித்தின் பக்கத்தில் இருந்தார்.

1997 அக்டோபரில் 879 வெற்றிகளோடு ஸ்மித் ஓய்வை அறிவித்தார். பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அந்த நேரத்தில் வெளியாள் ஒருவரைத் தேட முடியாது. ஆகவே பொறுப்பு கத்ரிஜிடம் வரும் என்று தெரிந்தேதான் ஸ்மித் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் என்று இங்குள்ளவர்கள் பலரும் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். 60 வயதில் முதன்முறையாகக் கல்லூரி அணி ஒன்றின் தலைமைக்கு வந்தவர், முதல் பருவத்திலேயே 34 வெற்றி, 4 தோல்வி என்று முடித்தார்.

உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

நாற்பது நிமிடம் எழுதியது:

வாசி ஐயா, கத்ரிஜ் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவரை எடுத்துக்காட்டாக வைத்தால் இந்தத் தொழிலைப் பற்றித் தவறான படம் கிடைக்கும். அவருக்கு முதலாளியாக இருந்தவர் டீன் ஸ்மித். 36 பருவங்கள் ஒரே அணியை நடத்தியவர். அப்படிப்பட்ட ஆலமரத்தின் கீழ் நின்றால் 30 ஆண்டுகள் என்ன, 40 ஆண்டுகள்கூட நிற்கலாம்.

மற்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் அவர் கீழே இருந்த எல்லோரும் அதே வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். தலைவருக்கு மீதமுள்ள ஒப்பந்தக் காலத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து அனுப்புகிறார்கள். உதவியாளர் அடுத்த ஊரில் யார் எடுப்பார் என்று தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்கிறார். பிள்ளைகள் நான்காவது பள்ளிக்கூடம் மாறுகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1991இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு அணியிலும் ஓர் உதவியாளரை "வரையறுக்கப்பட்ட ஊதியப் பயிற்சியாளர்" என்று வகைப்படுத்தி, அவருக்குக் கல்வியாண்டுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000 டாலர், அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்றது. செலவைக் குறைக்கிறோம், இளைஞர்களுக்கு வாய்ப்புத் தருகிறோம் என்று காரணம் சொன்னார்கள். தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு அப்படி ஓர் உச்சவரம்பு வரவில்லை. உதவியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தொழிற்போட்டியைக் கட்டுப்படுத்தும் விதி இது, சட்டத்துக்கு விரோதமானது என்று நீதிமன்றம் கூறியது. 1998இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. 1999இல் 54.5 மில்லியன் டாலர் கொடுத்து என்.சி.ஏ.ஏ. சமரசம் செய்துகொண்டது.

அந்த வழக்கில் நின்றவர்கள் யாரும் புகழ்பெற்றவர்கள் அல்லர். எனக்கு இந்தத் தொழிலின் முகம் அவர்கள்தான்.

---

கோவை உடற்கல்வி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்ப்பதற்காக மாவட்டப் போட்டிகள் நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். ஒருமுறை ஒரு பையனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கல்லூரியின் பெருமையைச் சொன்னேன். அவனுடைய தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடுதியில் இவனுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு போடுவார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குச் சரியாகப் பதில் சொன்னதால்தான் அந்தப் பையன் எங்களிடம் வந்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வேலை எப்படி நடக்கிறது? தேடிப் போவது உதவியாளரா, தலைவரா? யாராவது விவரமாக எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

---

பந்தும் வளையமும் எழுதியது:

கோவை ஐயா, உங்கள் திண்ணைக் கதை அங்கேயும் அப்படியே நடக்கிறது. அங்கே அது சமையலறை மேசை.

தேடுவது பெரும்பாலும் உதவியாளர். ஒரு பையனைப் பத்தாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து, அவனுடைய பள்ளிப் பயிற்சியாளர், கோடைக்கால அணியின் பயிற்சியாளர், தாய், பாட்டி, தேவாலயப் போதகர் என்று யாருடைய சொல்லுக்கு அந்த வீட்டில் எடை இருக்கிறது என்று அறிந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்பை அறுந்துபோகாமல் வைத்திருப்பவர் அவர். கடைசிக் கட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஒரு மாலை அந்த வீட்டுக்கு வந்து, இரவு உணவு சாப்பிட்டுவிட்டுப் பேச்சை முடிக்கிறார். மறுநாள் செய்தித்தாளில் அவர் பெயர் வருகிறது.

விதிகள் மிகவும் கறாரானவை. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகை உண்டு. சில நாள்களில் வெளியே போய்ச் சந்திக்கலாம். சில நாள்களில் ஆட்டத்தைப் பார்க்கலாம், ஆனால் பேசக் கூடாது. சில நாள்களில் நேரில் பார்க்கவே கூடாது. ஜூலை மாதத்து மதிப்பீட்டு நாள்களில் பள்ளி வீரர்களின் கோடைக்கால அணிகள் ஆடும், தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போட்டிக்குப் போனால் இதைக் கண்ணால் காணலாம். நாட்டின் பெரிய பயிற்சியாளர்கள் எல்லாம் தங்கள் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த சட்டையோடு களத்தின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை பேச முடியாது. பையன் தலை நிமிரும்போது அந்தச் சட்டை அவன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். காலை எட்டு மணி ஆட்டத்துக்கும் அதே இருக்கை, இரவு ஒன்பது மணி ஆட்டத்துக்கும் அதே இருக்கை. நீ ஆடிய எல்லா ஆட்டத்துக்கும் நான் வந்தேன் என்பதை வேறு எப்படித்தான் சொல்வது?

2007இல், சேர்க்க விரும்பும் வீரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே என்.சி.ஏ.ஏ. தடை செய்தது. 2012இல் ஆண்கள் கூடைப்பந்துக்கு அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் கையால் எழுதிய கடிதத்துக்கு ஒரு மறுவாழ்வு கிடைத்த காலம்.

இதில் ராய் வில்லியம்ஸைச் சொல்லாமல் விட முடியாது. வட கரோலினாவின் மலைப்பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவர், 1978இல் அந்த வேலையை விட்டுவிட்டு ஸ்மித்திடம் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். வீட்டில் குழந்தை இருக்கிறது. எனவே அணியின் நாள்காட்டிகளை மாநிலம் முழுவதும் காரில் போய் விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒளிநாடாவைக் காரில் வைத்துக்கொண்டு, நிலையங்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குச் சுமார் 500 மைல் ஓட்டினார்.

1980 கோடையில் வில்மிங்டன் நகரத்து லேனி பள்ளியிலிருந்து ஒரு பையன் ஸ்மித்தின் பயிற்சி முகாமுக்கு வந்தான். வில்லியம்ஸ் அவனைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். பிட்ஸ்பர்க்கில் நடந்த ஃபைவ் ஸ்டார் முகாமுக்குப் போய் நாட்டின் சிறந்த பையன்களோடு ஆடிப் பார்க்கும்படி அவனுக்கு ஆலோசனை சொன்னார். அங்கே அவன் ஆடியதைக் கண்டு மற்ற கல்லூரிகளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தாம் கண்டுபிடித்ததை ஒளித்து வைக்காமல், பையனுக்கு எது நல்லதோ அதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். அப்படியும் அந்தப் பையன் சேப்பல் ஹில்லுக்கே வந்தான். பெயர் மைக்கேல் ஜோர்டன். 1982 இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுனை 63–62 என்று வென்ற அந்தக் கடைசி எறிதலின்போது, ஸ்மித்தோடு கத்ரிஜ், எடி ஃபோக்லர், வில்லியம்ஸ் என்ற உதவியாளர்கள் மூவரும் ஓரத்தில் இருந்தார்கள்.

---

சிகாகோ மாலதி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் ஒரு பெண் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வாசி ஐயா உறுத்துகிறது என்று சொன்ன அந்த "பாவம்" வரிக்கு மிகச் சிறந்த பதில் பெண்கள் கூடைப்பந்தில்தான் இருக்கிறது.

கிறிஸ் டெய்லி. 1985இல் ஜீனோ ஆரியம்மா கனெக்டிகட் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது அவரோடு வந்தவர். அதுவரை அந்த அணி வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாக முடித்தது தன் வரலாற்றிலேயே ஒரே ஒரு பருவத்தில்தான். அங்கிருந்து தொடங்கி 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். பன்னிரண்டும் இருவரும் சேர்ந்து வென்றவை. டெய்லி 2018இல் பெண்கள் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

புதிய வீராங்கனைகளைத் தேடிச் சேர்ப்பதில் அவருடைய பங்கு எவ்வளவு என்பது பெண்கள் கூடைப்பந்தைத் தொடர்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணை வீட்டிலிருந்து தொலைதூரத்துக்கு அனுப்பும் பெற்றோர், தலைமைப் பயிற்சியாளரின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்று யோசிக்கும்போது அவர்கள் மனத்தில் இருப்பவர் உதவிப் பயிற்சியாளர். கோவை ஐயா சொன்ன சாப்பாட்டு நேரக் கேள்வியும் இதே கேள்விதான்.

---

இடதுகை ஆட்டக்காரன் எழுதியது:

மன்னிக்க வேண்டும், இந்த இழை கொஞ்சம் இனிப்பாகப் போகிறது. கசப்பான பக்கத்தையும் எழுதியாக வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கறுப்பின உதவிப் பயிற்சியாளர்களுக்கு நெடுங்காலமாக ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள்: "நன்றாக ஆள் சேர்ப்பார்." பாராட்டு போலத்தான் தெரியும். அதன் மறுபாதி யாரும் வெளியே சொல்லாதது: வியூகம் வகுக்க, அணியை நடத்த, வேறு ஆள் இருக்கிறார். தலைமைப் பதவிக்கு நேர்காணல் வரும்போது அந்த முத்திரை கதவை அடைக்கிறது.

லெனர்ட் ஹாமில்டன் 1974இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஹாலிடம் சேர்ந்தார். அந்த அணியின் முதல் கறுப்பின உதவிப் பயிற்சியாளர் அவரே. ஹாலுக்கு முன் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த அடால்ஃப் ரப் ஓய்வுபெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ரப்பின் அணியில் முதல் கறுப்பின வீரர் சேர்ந்ததே 1969இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஹாமில்டன் எத்தனை கறுப்பினத் தாய்மார்களின் வீட்டு வாசலில் நின்று "உங்கள் மகனை எங்களிடம் அனுப்புங்கள்" என்று கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஒருவரே அந்த வேலையைச் செய்திருக்க முடியும். 1978இல் கென்டக்கி தேசியப் பட்டம் வென்றது. கென்டக்கியில் சேர்ந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 1986இல், ஓக்லஹோமா ஸ்டேட் ஹாமில்டனுக்குத் தலைமை தந்தது. பிறகு மயாமி, 2002 முதல் 2025 வரை ஃபுளோரிடா ஸ்டேட். 2020இல் ஏ.சி.சி. என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டம். ஆள் சேர்ப்பவர் என்று மட்டும் அவரைப் பார்த்திருந்தால் இவையெல்லாம் நடந்திருக்காது.

அடுத்தது 2017 செப்டம்பர் 26. எஃப்.பி.ஐ. ஒரே நாளில் பத்துப் பேரைக் கைது செய்தது. அவர்களில் நான்கு பேர் உதவிப் பயிற்சியாளர்கள்: ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். நால்வரும் கறுப்பினத்தவர். வீரர்களைக் குறிப்பிட்ட முகவர்களிடமும் நிதி ஆலோசகர்களிடமும் திருப்பிவிடப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவர் சிறைக்குப் போனார்கள். செய்தது தவறு, நான் அதை மறைக்க வரவில்லை. ஆனால் அந்த வழக்கில் ஒரு தலைமைப் பயிற்சியாளர்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. முதலாளிகள் களத்தில் நிற்க, சேறு பூசிக்கொண்டவர்கள் உதவியாளர்கள்.

சில ஆண்டுகளிலேயே, 2021 ஜூலையிலிருந்து, வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

---

வடகரோலினா வாசி எழுதியது:

இடதுகை தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கத்ரிஜுக்குத் தங்குவதா போவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மாலதி அவர்களுக்கு நன்றி. டெய்லியை நான் மறந்தது பெரிய பிழை.

ஆனால் நாற்பது நிமிடம் சொன்ன ஆலமரக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே மரத்தின் கீழ் நின்ற ஃபோக்லர் 1986இல் தலைமைப் பயிற்சியாளராக விச்சிட்டா ஸ்டேட் போனார். வில்லியம்ஸ் 1988இல் கான்சாஸ் போனார். கல்லூரி அளவில் ஒரு நாள்கூடத் தலைமை வகிக்காதவரை, அந்த ஆண்டுதான் தேசியப் பட்டம் வென்றிருந்த அணி நம்பி எடுத்தது. அங்கே 15 ஆண்டுகளில் 418 வெற்றிகள்; பிறகு திரும்பி வந்து 2005, 2009, 2017 என்று மூன்று பட்டங்கள். போனவர்களும் சரியாகவே செய்தார்கள். எனவே கத்ரிஜ் தங்கியதற்கு நிழல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அவருக்குப் பிடித்த வேலை அந்த நாற்காலியில் இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தலைவரான பிறகு அவர் செய்த ஒன்றைப் பாருங்கள். 1997–98 அணியில் ஆன்டவான் ஜேமிசன், வின்ஸ் கார்ட்டர், ஷாமண்ட் வில்லியம்ஸ், எட் கோட்டா, அடெமோலா ஒக்குலாஜா, மக்தார் இஞ்சாய் என்று முதல் ஐவரில் இடம்பெறத் தகுதியான ஆறு பேர் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஒருவரை ஒதுக்கியிருப்பார். கத்ரிஜ் ஆறு பேரையும் சுழற்சி முறையில் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்கினார். ஆட்டத்துக்கு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து தொடங்குவார். அடுத்த ஆட்டத்தில் வேறொருவர். ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று 30 ஆண்டுகள் அறிந்தவருக்குத்தான் இது தோன்றும் என்று எனக்குப் படுகிறது.

---

நாற்பது நிமிடம் எழுதியது:

ஐயா, ஆலமரக் கணக்கைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதிக்கு டாமி லாய்டைச் சாட்சியாக அழைக்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில் கொன்சாகா என்ற சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். பெரிய நகரத்துப் பையன்கள் அங்கே வர மாட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃபியூவிடம் லாய்ட் 20 ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். அவர் கடல் கடந்து தேடினார்: பிரான்சிலிருந்து ரோனி டூரியாஃப், போலந்திலிருந்து பிரெமெக் கர்னோவ்ஸ்கி, லிதுவேனியாவின் டோமண்டாஸ் சபோனிஸ், ஜப்பானிலிருந்து ருயி ஹச்சிமுரா. பணக்காரப் பல்கலைக்கழகங்கள் கண் வைக்காத திசையில் அவர் கண் வைத்தார். ஃபியூவுக்குப் பிறகு தலைமை அவருக்கே என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் 2021இல் அரிசோனா அழைத்ததும் போனார். முதல் பருவத்தில் 33 வெற்றி, 4 தோல்வி. கத்ரிஜின் முதல் பருவத்தைவிட ஒரு வெற்றிதான் குறைவு. ஒருவர் 30 ஆண்டுகள் காத்தார், மற்றவர் 20 ஆண்டுகள்.

என் கவலை வேறு. இப்படி ஒருவர் இனி உருவாவாரா? 2018இல், அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021இலிருந்து ஒரு பருவம் சும்மா உட்காராமலே வீரர் அணி மாறலாம். மூன்று ஆண்டுகள் ஒரு பையனின் வீட்டோடு பழகிக் கொண்டுவந்தால் அவன் அடுத்த ஏப்ரலில் வேறு ஊரில் இருக்கிறான். இப்போது அணிகள் ஜெனரல் மேனேஜர்களை நியமிக்கின்றன. டியூக் 2022இல் ரேச்சல் பேக்கரை எடுத்தது. வட கரோலினா 2025இல் ஜிம் டானரை எடுத்தது. பேச்சுவார்த்தையும் ஒப்பந்தமும் அவர்கள் கைக்குப் போகின்றன. சமையலறை மேசைக்கு இனி யார் போவார்கள்?

---

பந்தும் வளையமும் எழுதியது:

போவார்கள் ஐயா. பணம் எல்லா அணியிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது, தாய்க்கு யார் முகம் பழக்கமோ அவருடைய அணிக்குத்தான் பையன் போவான். முன்பு இரண்டு ஆண்டுகளில் செய்ததை இப்போது இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் பழைய தொடர்புகளின் மதிப்பு கூடியிருக்கிறது. பள்ளிக் காலத்தில் நம்மை வேண்டாம் என்று சொல்லிப்போன பையனே இரண்டு ஆண்டு கழித்துப் பதிவேட்டில் பெயர் கொடுக்கிறான். அன்று அவனிடம் மரியாதையாக விடைபெற்ற உதவியாளரின் எண் அவன் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது.

---

கோவை உடற்கல்வி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வயதில் இவ்வளவு கற்றுக்கொள்வேன் என்று எதிர்பார்க்கவில்லை. வாசி ஐயாவிடம் கடைசியாக ஒன்று. தலைவரான பிறகு கத்ரிஜுக்கு என்ன ஆயிற்று? முடிவை நீங்கள் சொல்லவே இல்லை.

---

வடகரோலினா வாசி எழுதியது:

மூன்றே பருவங்கள், ஐயா. 1998இல் தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து யூட்டாவிடம் தோற்றார்கள். 1999இல் முதல் சுற்றிலேயே வீபர் ஸ்டேட்டிடம் தோல்வி. ஊரே அவரைக் குறை சொன்னது. 2000இல் 22 வெற்றி, 14 தோல்வி என்ற சாதாரணமான அணியை மறுபடியும் இறுதி நான்குக்குக் கொண்டுபோய், ஃபுளோரிடாவிடம் தோற்று, அந்தக் கோடையில் ஓய்வுபெற்றார். மொத்தம் 80 வெற்றி, 28 தோல்வி.

2015 பிப்ரவரி 7 அன்று டீன் ஸ்மித் காலமானார். மே 12 அன்று கத்ரிஜ் காலமானார்.

நீங்கள் கேட்டதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1958இல் கான்சாஸ் ஸ்டேட் வீரராக ஒருமுறை, 1964இல் அங்கே உதவியாளராக ஒருமுறை, ஸ்மித்தோடு பத்து முறை, தலைவராக இரண்டு முறை என்று 14 இறுதி நான்குகளில் அவர் இருந்திருக்கிறார். அவற்றில் 11 முறை உதவிப் பயிற்சியாளராக.